இரண்டு விரலுக்கு ஒரு தொப்பி

தாயின் வயிற்றில் குழந்தைக்கு விரல்கள் முளைக்கின்றன என்று பொதுமக்களும், பொதுமக்களைவிட விவரம் தெரிந்தவர்களாகக் கருதப்படும் பள்ளி ஆசிரியர்களும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கையேடு எழுதுகிறவர்களும் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். இது பிழை. சாதாரணப் பிழை அல்ல, பெரும்பிழை. மரத்தில் கிளை முளைப்பதுபோல விரல் முளைப்பதில்லை. கை என்பது முதலில் ஒரு துடுப்பு. கால் என்பதும் ஒரு துடுப்பு. தோசைத்திருப்பி போலத் தட்டையாக, பிளவே இல்லாமல் இருக்கும் அந்தத் துடுப்பில், எங்கெங்கே இடைவெளி வர வேண்டுமோ அங்கங்கே இருக்கும் உயிரணுக்கள், யாரும் அடிக்காமல், நோய்நொடி எதுவும் வராமல், தாமாகவே ஒழுங்காகச் செத்துப்போகின்றன. அவை செத்தபின் மிச்சம் நிற்பதற்குத்தான் விரல் என்று பெயர். ஆக, மனிதர்கள் மோதிரம் போட்டுக்கொள்வது இரண்டு சாவுகளுக்கு நடுவில். வாத்துக்கு அந்தச் சாவு நடப்பதில்லை. ஆகவே வாத்து நீந்துகிறது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் திரவியம் இதை வருடம் தவறாமல் வகுப்பில் சொல்வார். சொல்லும்போது வலது கையைத் தூக்கி, விரல்களைச் சேர்த்து, பிறகு மெல்ல விரித்துக் காட்டுவார். பின் பெஞ்சில் யாராவது நிச்சயம் கொட்டாவி விடுவான். காலை அவர் ஒருநாளும் காட்டியதில்லை.

இன்றைக்கு இந்தப் பாடத்தை அவர் நடத்திக்கொண்டிருந்தது ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, துளை போட்ட இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, தனக்குத் தானே. உள்ளே அவருடைய மகள் குயிலி இருந்தாள். ஐந்து வயது. இடது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரலும் அதற்கு அடுத்த விரலும் நகம் வரைக்கும் ஒட்டிப் பிறந்தவள். நகங்கள் மட்டும் இரண்டு, பக்கத்துப் பக்கத்து வீட்டு வாசல்கள் மாதிரி. அந்த இரண்டையும் இன்று டாக்டர் காசிராஜன் பிரித்து, பிரித்த இடத்தில் இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்த தோலை வைத்துத் தைப்பார். நேராகக் கீறினால் தழும்பு சுருங்கி விரலை வளைத்துவிடும், ஆகவே வளைவும் நெளிவுமாகக் கீற வேண்டும் என்று அவரே காகிதத்தில் வரைந்து காட்டியிருந்தார். கோலம் போலிருந்தது. ஆயாம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது பிள்ளை அழவில்லை. பச்சைக் கவுனுக்குக் கீழே, பூனைப்படம் போட்ட சாக்ஸ் போட்ட இரண்டு கால்கள் ஆடிக்கொண்டே போயின. கதவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிவிட்டு நின்றது. அந்தச் சாக்ஸைப் போட்டுவிட்டது திரவியம். ஏசி குளிருமே என்று. இந்த இடத்தில் நினைப்பு ஒருமுறை இடறியது; இடறிவிட்டு, தெருவில் தடுக்கிய ஆள் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மேலே நடந்தது. ஏசி குளிரத்தான் செய்தது. பக்கத்து நாற்காலியில் செண்பகம் மடியில் பையை வைத்துக்கொண்டு, பையின் ஜிப்பைக் கொஞ்சம் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவர் மனைவி. எல்ஐசியில் வேலை. இன்றைக்கு லீவு. பைக்குள் பிஸ்கட், மாற்றுத் துணி, பிள்ளை கண் விழித்ததும் கேட்கும் என்று ஒரு துணி முயல். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் இந்த ஹாலுக்கு வர வேண்டும். செண்பகத்தின் கால்கள் வெறும் கால்கள், மெட்டி பளபளத்தது. திரவியத்தின் கால்களில் சாம்பல்நிறச் சாக்ஸ். அவர் ஷூவைக் கழற்றுவார், சாக்ஸைக் கழற்றமாட்டார். கோயிலிலும் அப்படித்தான். கோயிலுக்குள் சாக்ஸ் போடக்கூடாது என்று எந்த ஆகமத்திலும் சொல்லவில்லை என்று ஒரு அர்ச்சகரிடம் அரைமணி நேரம் வாதாடி, அர்ச்சகர் களைத்துப்போய்த் திருநீறு கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த ஆகமங்களைத் திரவியம் படித்ததில்லை. அர்ச்சகரும் படித்திருக்கமாட்டார் என்ற தைரியம்தான்.

அந்தச் சாக்ஸுக்குள், இடது காலில், இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டியிருந்தன. அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, காசைச் சுண்டிவிட்ட மாதிரி என்று வகுப்பில் அவர் உதாரணம் சொல்வதுண்டு. சுண்டிய காசு யாருடையது என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அவருக்கு வாத்து என்று பெயர். ட்ரில் மாஸ்டர் எல்லோரையும் வெறுங்காலோடு வரிசையில் நிற்க வைத்த ஒரு காலை வேளையில் அந்தப் பெயர் வந்து ஒட்டியது, பிரிக்க ஆள் கிடைக்கவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. இதையும் அவர்கள் சொல்லிச் சிரித்தார்கள், நீஞ்சத் தெரியாத வாத்துலே என்று. கல்லூரியில் ஷூ வந்தது, சாக்ஸ் வந்தது, வாத்து போயிற்று. பிறகு அந்தக் காலை வெளி ஆட்களில் பார்த்தவர் அவருடைய மாமனார் ஒருவர்தான். கல்யாணத்தில் பாதபூஜை என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் காலைத் தாம்பாளத்தில் வைத்துப் பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவி, சந்தனம் வைத்து, குங்குமம் வைப்பார்கள். சாக்ஸ் போட்ட காலுக்குப் பாதபூஜை செய்யக்கூடாது என்றும் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. ஆனால் அதை அன்றைக்குச் சொல்லிப் பார்க்கும் தைரியம் வரவில்லை. மாமனார் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். பாலை ஊற்றினார். துடைத்தார். கட்டைவிரலில் ஒரு பொட்டு வைத்தார். அடுத்ததற்கு வந்த அவருடைய சுட்டுவிரல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு ஒட்டிய இரண்டுக்கும் நடுவில், பொதுவாக, ஒரே பொட்டாக வைத்தார். நிமிர்ந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அடுத்த விரலுக்குப் போய்விட்டார், சிக்னல் விழுந்துவிட்டது வண்டி போகலாம் என்பதுபோல. சாகும்வரை அவர் அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை. அன்று மாலை, அம்மிமேல் வைத்த செண்பகத்தின் காலில் மெட்டி போடும்போது, அவளுடைய இரண்டாம் விரல் தனியாக, சுற்றிலும் காற்றோடு இருப்பதைத் திரவியம் பார்த்தார். வளையம் உருண்டு உள்ளே போவதற்கு ஓர் ஓட்டை வேண்டும் என்கிற மிகச் சாதாரணமான விஷயம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

டாக்டர் காசிராஜனுக்கு இந்த ஆபரேஷன் செய்வதில் பெரிய ஆசை இருக்கவில்லை. முதல்முறை காட்டப் போன அன்று பிள்ளையை மேசைமேல் ஏற்றி, காலைப் பிடித்து, விரலை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டுச் செண்பகத்திடம் கேட்டார்: "ஓடுதாளா?" "ஓடுதா." "குதிக்காளா?" "கட்டில் ஒண்ணு ஒடஞ்சுபோச்சு டாக்டர்." "வலி கிலி?" "ஒண்ணும் கிடையாது." "அப்புறம் எதுக்கும்மா பிரிக்கணுங்கீங்க? கைவிரல்னா நானே பிரிங்கம்பேன். இது பாட்டுக்குக் கெடக்கட்டுமே." செண்பகம் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு மெட்டி போடணும்லா டாக்டர்" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். "அஞ்சு வயசுல மெட்டியா? ரெண்டுக்கும் சேத்துப் பெரிசா ஒண்ணு செஞ்சு போடுங்க, தங்கம் மாதிரி மாப்பிள்ளை, வெள்ளியில வளையல் மாதிரி மெட்டி." செண்பகம் சிரிக்கவில்லை. மெட்டி என்பது டாக்டருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்வதற்கு என்று அவள் வைத்திருந்த காரணம். உண்மையான காரணம் திருச்செந்தூர் கடலில் நின்றுகொண்டிருந்தது. போன விடுமுறையில் மூன்று பேரும் போயிருந்தார்கள். பிள்ளை சட்டையை உதறிவிட்டுத் தண்ணீருக்குள் ஓட, திரவியம் பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, சாக்ஸோடு, அலைக்குள் நின்றார். அலை போகும்போது சாக்ஸின் நுனி மீன்வால் மாதிரித் தொங்கியது. பிள்ளை ஊருக்கே கேட்கிற மாதிரி, "எம்மா, எப்பா சாக்ஸுக்குக் கடல் காட்டுதாங்க" என்றாள். பக்கத்தில் குளித்த ஒரு குடும்பம் முழுக்கச் சிரித்தது. திரவியமும் சிரித்தார். ஈரச் சாக்ஸோடு பஸ்ஸில் வரும்போது, பிள்ளை தூங்கியபின், செண்பகம் கேட்டாள்: "இவளும் நாளைக்குச் சாக்ஸோட கடல்ல நிக்கணுமா?" "அவ ஒண்ணும் மறைக்கலையே. தெருவுல போறவங்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டுதா." "இப்ப மறைக்கல. நீங்க எந்த வயசுல ஆரம்பிச்சீங்க?" பதில் தெரிந்த கேள்வி. ட்ரில் மாஸ்டரின் விசில் சத்தம் உட்படத் தெரியும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வாழைத் தோட்டம் போய்க்கொண்டே இருந்தது. சாக்ஸிலிருந்து பஸ்ஸின் தரையில் மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது. அடுத்த வாரம் செண்பகம் டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்கினாள். அவளை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்லிவிட்டால் எவ்வளவு வசதியாக இருக்கும். மெட்டிக்காகப் பிள்ளையை அறுக்கிறாள் என்று கோபப்படலாம், ஒரு கட்டுரைகூட எழுதலாம். அப்படியில்லை. பிள்ளையை அந்த மேசைமேல் படுக்க வைத்தது மெட்டியில்லை. ஒரு ஜோடிச் சாம்பல்நிறச் சாக்ஸ்.

எதிர்ச் சுவர் ஓரமாக இருந்த பெரியவர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினனுக்குக் குடலிறக்க ஆபரேஷனாம். காலையிலிருந்து வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "சாருக்குக் கால்ல புண்ணா?" என்றார். "இல்ல." "சாக்ஸு போட்டிருக்கீங்களேன்னு கேட்டேன். பிள்ளைக்கு என்ன?" "விரல்." "மாட்டிக்கிட்டா? கதவிடுக்குலயா?" "இல்ல, பொறக்கும்போதே ஒட்டிப் பொறந்தது." "அட, அது அதிர்ஷ்டம்லா! எங்க சித்தப்பாவுக்கு ஆறு விரலு. சொந்தமா மூணு பஸ்ஸு ஓடிச்சு." "இது ஆறு இல்லைங்க. கணக்குப் பாத்தா நாலுதான்" என்றார் திரவியம். பெரியவர் யோசித்தார். "அப்ப ஒரு பஸ்ஸு கொறையும்" என்றார். செண்பகம்கூட ஒரு நிமிஷம் ஜிப்பை இழுப்பதை நிறுத்தினாள். திரவியத்துக்கு இடது கால் மரத்துப்போயிருந்தது. காலைக் காலுக்குமேல் போட்டு, அடியில் மறைத்து உட்கார்வது அவர் வழக்கம். ரத்தம் ஓடாமல் நின்றுபோவதால்தான் கால் மரக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அதுவும் சரியில்லை. பெரும்பாலும் அழுந்துவது நரம்பு. ரத்தம் நின்றால் கால் செத்துவிடும். நரம்பு அழுந்தினால் கால் இருக்கும், அது இருக்கிறது என்கிற செய்தி மட்டும் வந்து சேராது. நெஞ்சுக்குள்ளும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. பிள்ளையை உள்ளே கொண்டு போய்விட்டார்கள், மூஞ்சியில் மயக்க மருந்து மூடி வைப்பார்கள், கண் செருகும், பயப்பட வேண்டும். பயம் எங்கோ கீழே இருந்தது, செய்திதான் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சுவரில் ஒரு ஆணி தெரிந்தது. காலண்டர் தொங்கிய ஆணி. காலண்டர் இல்லை. ஆணியைச் சுற்றிச் சதுரமாக வெள்ளையாக ஒரு இடம். சாக்ஸ். பூனைப்படம் போட்ட சாக்ஸ். நினைப்பு மறுபடியும் அங்கே வந்து இடறியது. இந்த முறை விழுந்தது.

மருதாணி. எதிர்வீட்டு மெஹராஜ் அக்கா முந்தாநாள் சாயங்காலம் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தது. அம்மியில் அரைத்தது, கொட்டைப்பாக்கும் எலுமிச்சம்பழச் சாறும் விட்டு. செண்பகம் ஆபீசிலிருந்து வந்திருக்கவில்லை. பிள்ளை கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "எப்பா, கால்ல மட்டும். கையில வச்சா மிஸ் திட்டுவாங்க" என்றாள். திரவியம் தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். குளிர்ந்த பச்சை விழுது, மாட்டுத்தொழுவமும் மழையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. விரல் நுனி முழுக்க, நகம் தெரியாமல், கவிழ்த்து வைப்பதற்குத் தொப்பி என்று பெயர். கட்டைவிரலுக்கு ஒரு தொப்பி. அடுத்து ஒட்டிய விரலுக்கு வந்தபோது, இரண்டாக வைப்பதா ஒன்றாக வைப்பதா என்று அவர் கை நின்றது. "அதுக்கு ஒரே தொப்பி போதும்பா, பெரிசா வைங்க. ரெண்டு பேரும் ஒரே பெட்ல படுத்திருக்காங்கல்ல" என்றாள் பிள்ளை. அவள் அந்த இரண்டு விரலுக்கும் பெயர் வைத்திருந்தாள், வாரத்துக்கு ஒரு பெயர்; அந்த வாரம் இட்லி, சட்னி. பெரிசாக, ஒன்றாக வைத்தார். அவருடைய மாமனாரின் சுட்டுவிரல் அந்தரத்தில் நின்ற இடம் அதுதான். பிள்ளை காலை நீட்டியபடி இரண்டு மணிநேரம் அசையாமல் டிவி பார்த்தாள். செண்பகம் வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, என்னமா செவந்திருக்கு!" என்று காலில் முத்தம் கொடுத்தாள். அவளுக்குத் தெரியாது. தெரிந்தது திரவியத்துக்கு மட்டும்தான். அதற்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ஞானசுந்தரி, செண்பகம் மருந்துக் கடைக்குப் போயிருந்த சமயத்தில், அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: ராத்திரிக்கப்புறம் ஒண்ணும் குடுக்காதீங்க, சளி பிடிச்சா போன் போடுங்க, நெயில் பாலிஷு மருதாணி எதுவும் கூடாது. திரவியம் தலையை ஆட்டினார். ஏன் கூடாது என்றும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. பிரித்த விரலின் நுனியை அமுக்கிப் பார்ப்பார்கள். வெளுத்து, விட்டதும் மறுபடி சிவக்க வேண்டும். சிவந்தால் ரத்தம் போகிறது. நீலமானால், கறுத்தால், உடனே ஏதாவது செய்ய வேண்டும். அந்தப் பாடத்தையும் அவர் நடத்துகிறார், தவளையின் விரலிடைச் சவ்வில், நுண்நோக்கிக்கு அடியில். மருதாணி விழுதை விரலில் எடுத்தபோது சிஸ்டர் சொன்னது ஞாபகம் இருந்ததா? இதைத்தான் அவர் முந்தாநாளிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை, கேட்காமல் இருந்துகொண்டிருந்தார். மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தார், சரியாக இருந்தது. மறக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தார், அதுவும் பொருந்தியது. விழுது குளிர்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது, பிள்ளையின் குதிகாலில் ஒட்டியிருந்த சாக்லேட் காகிதம் ஞாபகம் இருக்கிறது, அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் ஓர் உடைவு. இத்தனை ஞாபகம் இருக்கும் இடத்தில் ஒன்றே ஒன்று மட்டும் இல்லாமல் போகுமா? இன்று காலை வார்டில் சாக்ஸை எடுத்து மாட்டியபோது? ஏசி குளிரும். குளிரத்தான் செய்தது. வார்டு நர்ஸ் பிள்ளையின் கையைத்தான் பார்த்தாள். கை சுத்தமாக இருந்தது. கையில் வைத்தால் மிஸ் திட்டுவார்கள்.

சரி, உள்ளே சாக்ஸைக் கழற்றுவார்கள், கண் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள், வெளியே வந்து திட்டுவார்கள், முடிந்தது. அப்படித்தான் முந்தாநாளிலிருந்து அந்த நினைப்பு அவரைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தது. ஆனால் கதவு மூடி நேரமாகிறது, யாரும் வெளியே வரவில்லை. பார்க்காவிட்டால்? அறுக்கும் முன்னால் காலில் அயோடின் பூசுவார்கள். அயோடின் செம்பழுப்பு. மருதாணியும் செம்பழுப்பு. ஒரு பஞ்சை எடுத்து ஒருத்தர் பூசியபின் இன்னொருத்தர் வந்து பார்த்தால், எது அயோடின், எது மெஹராஜ் அக்கா? பிரித்துத் தைத்துக் கட்டுப் போட்டுவிடுவார்கள். நுனி மட்டும் வெளியே தெரியும், அழகாகச் சிவந்து. உள்ளே ரத்தம் நின்று, விரல் கறுத்து, செத்துக்கொண்டிருந்தாலும் தொப்பி சிவப்பாகவே இருக்கும். இடையில் இருப்பது சாகவில்லை என்று ஆரம்பித்தது, விரலே சாவதில் போய் முடியும். வகுப்பில் சொன்னால் நல்ல உதாரணம். இட்லியா, சட்னியா? எது முதலில்? இந்த இடத்தில்தான் கீழே எங்கோ கிடந்த செய்தி வந்து சேர்ந்தது. எழுந்திருக்க வேண்டும். கதவைத் தட்டி, சிஸ்டர், காலில் மருதாணி இருக்கிறது, நான்தான் வைத்தேன், நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டும் எளிது. மூன்றாவதைச் செண்பகம் கேட்பாள். கேட்கட்டும். அவர் எழுந்தார். மரத்த காலுக்கு அந்தச் செய்தி போகவில்லை. கால் சாக்கு மூட்டை மாதிரி மடங்கி, அவர் எதிர்ப் பெரியவரின் பழப்பைமேல் போய் விழப் பார்த்து, சுவரைப் பிடித்து நின்றார். "பாத்து சார், பாத்து! புண்ணு இல்லன்னீங்க!" என்றார் பெரியவர். "எங்க போறீங்க?" என்றாள் செண்பகம். "ஒண்ணு சொல்லணும்" என்றார் திரவியம். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்றக் காலை உதறினார். எறும்பு ஊர ஆரம்பித்தது. ஓரடி வைத்தார். வாத்து நடைதான் வந்தது.

அவர் கை வைக்கும் முன் கதவு திறந்தது. சிஸ்டர் ஞானசுந்தரி, முகமூடியைத் தாடைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் பூனைப்படச் சாக்ஸோடு நின்றார். "யாருங்க பிள்ளைக்கு மருதாணி வச்சது?" ஹால் முழுக்கக் கேட்டது. "நான் அன்னைக்கே சொன்னம்லா!" செண்பகம் எழுந்து வந்தாள். "யார்கிட்ட சொன்னீங்க சிஸ்டர்? எனக்குத் தெரியாதே." "சார்கிட்ட! இதே எடத்துல நிக்க வச்சுச் சொன்னேன். தலைய ஆட்டுனாங்க." செண்பகம் திரும்பிப் பார்த்தாள். திரவியம் சொல்வதாக இருந்த மூன்று வாக்கியங்களும் நாக்குக்குக் கீழே வரிசையாக இருந்தன, மூன்றாவது உட்பட. "மறந்துட்டேன்" என்றார். சிஸ்டர் சாக்ஸை அவர் கையில் திணித்தார். பின்னாலேயே டாக்டர் வந்தார், கோபமில்லாமல், கையைத் துடைத்துக்கொண்டே. மயக்கம் கொடுக்கவில்லை, மேசைமேல் படுக்க வைத்துச் சாக்ஸைக் கழற்றியதும் நிறுத்திவிட்டார்கள். "இது ஒண்ணும் ஓடிப்போற வேலை இல்லம்மா. பிரிச்சப்புறம் நுனிய நான் பாக்கணும், அமுக்கிப் பாக்கணும். இப்படிச் செவந்து கெடந்தா எனக்கு என்ன தெரியும்? தோல்ல உள்ளது சீக்கிரம் போயிரும். நகத்துல உள்ளதுதான் சொன்னபடி கேக்காது, அது வளந்து வளந்து வெட்டுப்பட்டுத்தான் போகும். மாசக் கணக்காவும். வாரா வாரம் வெட்டிக்கிட்டே இருங்க. நகம் வெள்ளையானதும் கூட்டிட்டு வாங்க, முடிச்சிருவோம்." போகும்போது திரவியத்தின் காலைப் பார்த்தார். சாக்ஸைப் பார்த்தாரா, நொண்டியதைப் பார்த்தாரா தெரியவில்லை. ஆயாம்மா பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். வெறும் காலோடு பளிங்குத் தரையில் நின்றது. இடது காலில் நான்கு தொப்பிகள், அதில் ஒன்று பெரிசு. "எப்பா, பிரிச்சிட்டாங்களா?" என்று குனிந்து பார்த்துக்கொண்டது. "இல்லம்மா." "அந்த டாக்டர் மாமா, நல்லாச் செவந்திருக்கே யாரு வச்சான்னு கேட்டாங்க. நான் எங்க அப்பான்னேன். எம்மா, பசிக்கி." எதிர்ப் பெரியவர் தன் பழப்பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். பிள்ளை அதை வாங்கி உரித்தது.

ஆட்டோவில் பிள்ளை நடுவில் உட்கார்ந்து, பெரியவர் கொடுத்தனுப்பிய இரண்டாவது பழத்தைத் தின்றது. திரவியத்தின் காலில் எறும்பு ஊர்வது நின்றிருந்தது. மற்ற உணர்ச்சி எதுவும் திரும்பவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லை வெட்கமாக இருக்க வேண்டும், இரண்டில் ஒன்று. ஆட்டோக் கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகனைப் பார்த்துக்கொண்டு வந்தார். முருகனின் கால்விரல்களை ஓவியன் தனித்தனியாகப் போடச் சோம்பல்பட்டு ஒரே கோடாக இழுத்திருந்தான். வேறு ஒரு நாளாக இருந்தால் இதை வைத்து ஏதாவது சொல்லியிருப்பார். சிக்னலில் வண்டி நின்றபோது செண்பகம், வெளியே பார்த்தபடி, சாதாரணமாகச் சொன்னாள்: "இருவது வருசமா தவளையோட நரம்பு பேரு ஒண்ணு மறந்ததில்ல. நீங்களா மறந்தீங்க?" "தெரியல" என்றார் திரவியம். அது உண்மை. அவள் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டாளா என்று பார்க்க அவர் திரும்பவில்லை. "திருச்செந்தூர் பஸ்ல நான் கேட்டதுக்கும் நீங்க இன்னும் பதில் சொல்லல" என்றாள். சிக்னல் விழுந்தது. பிள்ளை பழத்தோலை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, காலைத் தூக்கி அவர் மடியில் போட்டுக்கொண்டு, "எப்பா, வீட்டுக்குப் போயி உங்களுக்கும் வச்சி விடுதேன். மெஹராஜ் பெரியம்மா இன்னும் தாரேன்னாங்க" என்றது. "பெரிய ஆளுங்க வைக்கமாட்டாங்க" என்றார் திரவியம். "சாக்ஸ் போட்டா யாருக்குத் தெரியும்?" என்றது பிள்ளை. செண்பகம் டக்கென்று பிள்ளையைப் பார்த்தாள். பிறகு திரவியத்தைப் பார்த்தாள். ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். திரவியம் கையிலிருந்த பழத்தோலை எங்கே போடுவது என்று தெரியாமல், வீடு வரும்வரை பிடித்துக்கொண்டே வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செண்பகம் பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டிவிட்டு, டாக்டர் சொன்னபடி நகம் வெட்ட ஜன்னலோரம் உட்கார வைத்து, நகவெட்டியைத் தேடினாள். பிள்ளைக்கு எட்டாத மேல்தட்டில் வழக்கமாக இருக்கும் டப்பாவில் இல்லை. அலமாரியில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை. கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து, அதே டப்பாவில் போட்டு வைத்தாள். புதன்கிழமைக்குள் அதையும் காணோம்.